துவக்கு இருக்கிற வீடு

முகத்துக்கு நேரே அவரை அண்ணை என்போம். முதுகுக்குப் பின்னால் அவருடைய பெயர் ‘வருவாங்கள்’. அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். பார்க்டேலில் ஒரு சின்ன அப்பாட்மென்றில் நாங்கள் ஏழு பேர் புளிமூட்டை மாதிரி அடைந்து கிடந்த காலத்திலேயே அது அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வீட்டில் ஹீற்றர் பக்கம் படுப்பதற்கு ஒவ்வொரு நாளும் அடிபிடி. கதவடியில் படுப்பதற்குப் போட்டியே இல்லை, அது அவருடைய இடம். கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பார். படுப்பதற்கு முன்னர் நாலைந்து வெறும் தகரப் பேணிகளை நூலில் கோத்துக் கதவுக்குக் குறுக்கே கட்டுவார். வேலை முடிந்து பிந்தி வருகிறவன் அதில் இடறுவான். கட்டடமே எழும்பும். கீழ்வீட்டுப் போர்த்துக்கேய மனுசி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். இது கனடா அண்ணை, இங்கே யார் வரப்போகிறார்கள் என்று நாங்கள் கத்துவோம். அவருக்குக் கோபமே வராது. அறுந்த நூலை முடிந்துகொண்டு, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொல்வார்.

“வருவாங்கள்.”

யார் என்று சொன்னதில்லை. எங்களுக்கும் அது தெரியாததல்ல. ஊரில் எங்கள் வாசலுக்கு எல்லாரும்தான் வந்தார்கள். ஆமி வந்தது, இந்தியன் ஆமி வந்தது, எங்கள் இயக்கப் பெடியள் வந்தார்கள், ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு மற்றப் பெடியள் வந்தார்கள். ஆனால் விமானத்தால் இறங்கி முதல் ஸ்னோவைக் கண்டதோடு நாங்கள் அதையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டோம், அல்லது வைத்துவிட்டதாக நடித்தோம். அவருக்கு நடிக்க வரவில்லை.

பிறகு எல்லாரும் கலியாணம் கட்டி ஸ்காபரோவுக்குச் சிதறினோம். அங்கிருந்து வடக்கே வடக்கே நகர்ந்து, கடைசியில் அவரும் நானும் ஸ்ரௌவ்வில்லில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு வாங்கினோம். வீடு பார்க்கப் போன அன்று ஏஜென்ற் குசினியின் பளிங்கு மேசையைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருக்க, இவர் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். ஊரில் எங்கள் வீடுகள் கல்லும் சுண்ணாம்பும். இங்கே இரண்டு மட்டைக்கு நடுவில் பஞ்சு. கோபத்தில் ஒரு குத்துக் குத்தினால் கை அடுத்த அறையில் நிற்கும். உது வீடில்லை, பெட்டி என்று என் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியையே வாங்கினார், அக்காவுக்குப் பிடித்துப்போனது என்பதற்காக. அக்கா என்பது அவருடைய மனைவி. நான் அப்படித்தான் கூப்பிடுவது.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் சின்னவளாக இருக்கும்போதே ஒரு பாடம் பழக்கியிருந்தார். தொலைபேசியில் யார் கேட்டாலும் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லக்கூடாது. அப்பா குளிக்கிறார் என்று சொல்லவேண்டும். இவர் இரண்டு வேலை செய்த காலம் அது. காலையில் எடுத்தாலும் குளிக்கிறார், மத்தியானம் எடுத்தாலும் குளிக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருமுறை பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, உன் தகப்பனுக்கு ஏதும் தோல் வருத்தமா என்று கேட்டாராம். இந்தக் கதையை மகள் தன் கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், மண்டபத்தின் பின்கதவைப் பார்த்தபடி.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக்கூடாது. தனக்காகப் பயந்த ஆள் இல்லை அவர். நாங்கள் குடும்பமாக ஊருக்குப் போயிருந்த ஒரு மாசி மாதம், எங்கள் வீட்டு வாசலில் ஸ்னோ விழுந்தபடி கிடந்தால் ஆளில்லாத வீடு என்று தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் வந்து நடந்து தடம் பதித்திருக்கிறார். தன் சப்பாத்து மட்டும் போதாது, குடும்பம் இருக்கிற வீடு மாதிரித் தெரியவேண்டும் என்று அக்காவின் பூட்ஸையும் கையில் மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பதித்தாராம். முன்வீட்டுச் சீனக்காரர் தன் யன்னலால் இதைப் பார்த்து, மனிதருக்குத் தலையில் ஏதோ என்று பயந்துபோனதாக எனக்குச் சொன்னார். நான் விளங்கப்படுத்தினேன்.

பேத்தி பிறந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒரு வெளிச்சம் வந்தது. சனிக்கிழமைதோறும் மகள் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். அன்று மட்டும் அந்தக் கதவு அகலத் திறந்து கிடக்கும். குளிரோ வெயிலோ, கார் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னரே இவர் சறத்தோடு வெளியில் நிற்பார். அந்த நாலு வயதுச் சிறுக்கி இவரை நிலத்தில் படுக்கவைத்து வயிற்றில் ஏறி நின்று ஆடுவாள். அந்த நேரத்தில் மட்டும்தான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் எங்கள் தெருவுக்கு உண்மையாகவே வந்தார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம். ஒரு பின்னேரம், கோயிலுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம், முகமூடி போட்ட பெடியள் கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கேட்டது கார்த் திறப்பு. வீட்டுக்காரர் திறப்பைத் தேடித் தடுமாறியதற்கு முழங்கையில் சுத்தியலால் அடித்தார்கள். திறப்பும் காரும் அக்குடும்பத்தின் நித்திரையும் போய்விட்டன. அந்தக் கிழமை எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கமெராவும் பூட்டும் பூட்டுகிறவர்கள்தான். நான் என் பங்குக்குக் கார்த் திறப்பை வாசலடியில் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். வருகிறவன் எடுத்துக்கொண்டு போகட்டும், உயிர் மிஞ்சினால் போதும் என்பது என் கட்சி. அண்ணை அந்தக் கிண்ணத்தைக் கண்டுவிட்டு, வாறவனுக்குத் தாம்பூலத் தட்டு வைக்கிறியோ என்று கேட்டார்.

அவர் தன் வீட்டு முன்கதவுக்கு இரும்புத் தகடு அடித்தார். மூன்று பூட்டுப் போட்டார். கண்ணாடிகளுக்கு உடையாத தாள் ஒட்டினார். பின்கதவுக்குக் குறுக்கே உலக்கைத் தடிப்பில் ஒரு கம்பி. அத்தனையும் முடித்துவிட்டு ஒருநாள் எங்கள் கராஜுக்கு வந்து, ஒரு துவக்கு வாங்குவதென்றால் எது நல்லது, கைத்துவக்கா சொட்கண்ணா என்று கேட்டார். ரைஸ் குக்கர் வாங்கப் போகிறவர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

கோடையில் எங்கள் கராஜ்தான் சபை. மடக்குக் கதிரைகள், ஒரு ஐஸ் பெட்டி, பொரித்த மீன். அந்தச் சபையில் மான் வேட்டைக்குப் போகிற ஒருவன் உண்டு, அவனை மான்காரன் என்போம். லைசென்ஸும் துவக்கும் முறைப்படி வைத்திருப்பவன். மற்றவர்கள் துவக்கைக் கடைசியாகக் கண்டது ஊரில், அதுவும் அதன் வாய்ப்பக்கமாக. ஆனால் வாய்ச்சொல்லில் யாருக்குக் குறைவு? ஒருவன் கைத்துவக்குத்தான் என்றான். ஒரு கையில் அது, மற்றக் கையில் போன், மாடிப்படி வளைவில் திரும்ப இலகு. இன்னொருவன் சொட்கண் என்றான். குறி பார்க்கத் தேவையில்லை, அதை இழுத்து ஏற்றுகிற சத்தத்திலேயே ஓடிவிடுவார்கள் என்றான். மான்காரன் தலையில் கைவைத்தான். படத்தில் வருகிற மாதிரி அது அறை முழுக்க விசிறாது, ஒரு வீட்டுக்குள் கைப்பிடி அகலம்கூடப் பரவாது, குறி பார்க்கத்தான் வேண்டும் என்றான். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எது மட்டைச் சுவருக்குள்ளால் போகாது என்று கேட்டார். இரண்டும் போகும் என்றான் மான்காரன். தவறவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்குத்தான்.

அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. கைத்துவக்கைப் புதிதாக வாங்க இப்போது சட்டம் விடாது என்று மான்காரன் விளங்கப்படுத்தினான். சொட்கண் என்றால் படிப்பும் சோதனையும் லைசென்ஸும் வேண்டும். வாங்கினாலும் வெறுமையாகப் பூட்டி வைக்கவேண்டும், தோட்டா வேறாகப் பூட்டியிருக்கவேண்டும். அப்படியெண்டால் வாறவனை இருத்தித் தேத்தண்ணி குடுத்திட்டுத்தான் பூட்டைத் திறக்கவேணும் என்றார் அண்ணை. எல்லாரும் சிரித்தோம். சிரிப்போடு சிரிப்பாக, பேப்பர் இல்லாமல் ஒரு கைத்துவக்கு எடுத்துத் தர ஆள் இருக்கு என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன். அண்ணை சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏற்றியதே ஏசுவதற்குத்தான். களவாக ஒரு பிஸ்ரலோடு பிடிபட்டால் இந்த வயதில் மறியல் கம்பிக்குப் பின்னால் நின்றுதான் பேத்தியைப் பார்ப்பீர்கள் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய தகப்பனுக்கு வன்னியில் வயல். பன்றிக்குக் காவலாக லைசென்ஸோடு ஒரு சொட்கண் வீட்டில் இருந்தது. இயக்கங்கள் துவக்குச் சேர்த்துத் திரிந்த காலம். ஒரு மைம்மல் பொழுதில் இரண்டு பெடியள் வந்தார்கள். நல்ல மரியாதை, ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அப்பாட்ட இருந்தது சொட்கண். வந்தவன்ரை இடுப்பில கிடந்தது பிஸ்ரல். அவன் அதை வெளியில எடுக்கக்கூட இல்லை. சேட்டு நுனியை உயர்த்திக் காட்டினவன், அவ்வளவுதான்.”

தகப்பன் துவக்கையும் தோட்டாப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். தாய் தேத்தண்ணி கொடுத்தாராம். கொஞ்ச நாளில் ஆமி வந்தது. இந்த வீட்டில் ஒரு துவக்கு இருக்கவேண்டும், எங்கே என்று கேட்டார்கள். பெடியள் கொண்டுபோய்விட்டார்கள் என்று தகப்பன் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். அண்ணைக்கு அப்போது மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

“சொட்கண் வீட்டில இருக்கிறவன்ரை சாமான். பிஸ்ரல் வாறவன்ரை சாமான். இப்ப நான் ஆரெண்டு சொல்லு.”

நீங்கள் பென்சன் எடுக்கிற ஆள் அண்ணை என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. அவர் சிரித்தார். பிஸ்ரல் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சொட்கண் என்று முடிவாகிவிட்டது, சட்டப்படி, பேப்பரோடு.

வகுப்புக்குப் போனார். அங்கே ஏன் துவக்கு வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். வாத்து, மான், வான்கோழி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர, இவர் வீட்டுக்கு என்றாராம். படிப்பிக்கிறவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மனிதரைச் சுட என்று இந்த நாட்டில் யாருக்கும் துவக்குக் கொடுப்பதில்லை ஐயா என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்வது இவருக்குப் பெரும்பாடு. அதனால் வேட்டைக்கு என்கிற சொல் பொய்யாகாமல் இருக்க, மான்காரனைக் கெஞ்சி ஒருநாள் அவனோடு வாத்து வேட்டைக்குப் போனார். விடியற் குளிரில் கோரைக்குள் குந்தியிருந்தார்கள். வாத்துகள் தண்ணீர்ப் பக்கத்தால் வந்து போயின. இவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லையாம், பின்னாலிருந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மான்காரன் அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தான். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மனைவிக்குத் தெரியாமல் லைசென்ஸ் எடுக்க முடியாது. அக்கா கையெழுத்து வைத்தார், மனிதரின் ஆசை பேப்பரோடு அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில். அடங்கவில்லை. மான்காரனிடமே ஒரு பழைய சொட்கண்ணை வாங்கிக்கொண்டு வந்து பேஸ்மென்றில் இரும்பு அலுமாரியில் பூட்டினார். முன்யன்னலில் இந்த வீட்டில் ஆயுதம் உண்டு என்கிற மாதிரி ஒரு ஒட்டுப்படமும் ஒட்டினார். சட்டம் சொன்னபடியே எல்லாம். அந்தக் கிழமை அவர் நன்றாக நித்திரை கொண்டதாக அக்கா என் மனைவியிடம் சொன்னார். தனக்குத்தான் நித்திரை இல்லையாம். கள்ளனைவிடக் கீழே கிடக்கிற அந்தச் சாமான்தான் இருட்டில் ஏறி வருகிற மாதிரி இருக்கிறதாம்.

மகளுக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை, பேத்தி பேஸ்மென்றுக்கு ஓடிப்போய் அலுமாரிப் பூட்டைப் பிடித்து இழுத்தபோது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்தாள். நான் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றதால் கேட்டது.

“அப்பா, கன் இருக்கிற வீட்டுக்கு நான் பிள்ளையைக் கொண்டுவர மாட்டன். தட்ஸ் இற்.”

“உன்ரை பிள்ளைக்காகத்தானே பிள்ளை வச்சிருக்கிறன்.”

அவள் பிள்ளையைக் கார் சீற்றில் வைத்துக் கட்டினாள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான், அதுதான் கொடுமை. அந்தச் சனிக்குப் பிறகு சனி இல்லை. நத்தார் விடுமுறை முடிந்த கையோடு அக்காவும் ஸ்காபரோவில் மகள் வீட்டுக்கு, கொஞ்ச நாள் நின்றுவிட்டு வாறன் என்று பெட்டியோடு போனார். வரவில்லை.

தனியாக இருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வந்து கதவுப்பக்கக் கதிரையில் இருந்து சாப்பிடுவார். நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். பிஸ்ரலா சொட்கண்ணா என்று ஊரெல்லாம் கேட்டீர்களே, இப்போது கேள்வி துவக்கா பேத்தியா என்பதல்லவா? கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். சனிக்கிழமைகளில் ஸ்னோ தள்ளும்போது தன் காருக்குப் பக்கத்தில் இன்னொரு காருக்கான இடத்தையும் தள்ளி வைப்பார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு இரும்புத் துண்டைத் தூக்கி எறிய ஏன் இந்த மனிதரால் முடியவில்லை என்று மனத்துக்குள் ஏசுவேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அக்கா என் மனைவியோடு போனில் கதைக்கும்போது சொல்லி அழுதார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று அண்ணை கேட்டாராம். முதலில் அந்தச் சாமானைக் குடுங்கோ என்று அக்கா சொல்ல, நீ வந்து பாரன் என்று சிரித்தாராம். இந்த வயதிலும் விளையாட்டும் பிடிவாதமும் என்று அக்காவுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டார்.

அந்த வியாழன் முற்பகல் அக்கா எனக்குப் போன் எடுத்தார். நான் பின்னேர வேலைக்குப் போகிறவன், வீட்டில்தான் நின்றேன்.

“தம்பி, அவர் காலமை தொடக்கம் போன் எடுக்கிறாரில்லை. ஒருக்கா எட்டிப் பாக்கிறீங்களே?”

போனைக் கையில் பிடித்தபடியே போய் மணியை அடித்தேன். தட்டினேன். அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டேன். யன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கதவில் காதை வைத்தபோது உள்ளே நிலத்தில், மிகக் கிட்ட, ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. அண்ணை விழுந்து கிடக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அவசர இலக்கத்துக்கு எடுப்பதாகச் சொல்லி வைத்தார். நான் கதவைத் தோளால் இடித்தேன். இரும்புத் தகடு அசையுமா? பயப்பிடாதேங்கோ அண்ணை, வருகினம், வருகினம் என்று கதவுக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. தெருமுனை மட்டும் வந்து நின்றுவிட்டது. பின்னால் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது. விளக்குகள் சுழல்கின்றன, ஒருவரும் இறங்கவில்லை. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். பிறகு செருப்போடு ஸ்னோவுக்குள்ளால் ஓடினேன். உள்ளே ஆள் விழுந்து கிடக்கிறார், தட்டுகிறார் என்றேன். அம்புலன்ஸ்காரர் கண்ணாடியை இறக்கி மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் துவக்கு இருப்பதாகத் தகவல். ஆள் தனியாக இருக்கிறார், குடும்பத்தில் பிரச்சினை. பொலிஸ் வந்து பார்க்காமல் நாங்கள் கிட்டப் போக முடியாது. நீங்களும் உங்கள் வீட்டுக்குள் போங்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

பொலிஸ் வந்தது. நீளத் துவக்குகளோடு கார்களுக்குப் பின்னால் குந்தினார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைக் கொத்திக் குதறிக் கூப்பிட்டு, கையை உயர்த்திக்கொண்டு வெளியே வரச்சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னை என் வீட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். நான் யன்னலடியில் நின்று, அந்த மனிதருக்கு இப்போது நினைவு இருக்கக்கூடாது பிள்ளையாரே, இந்தச் சத்தம் அவருடைய காதில் விழக்கூடாது என்று வேண்டினேன். ஒரு மனிதருக்கு நினைவு தப்பவேண்டும் என்று வாழ்க்கையில் ஒருமுறைதான் வேண்டியிருக்கிறேன்.

கதவை உடைக்க நெடுநேரம் எடுத்தது. அவ்வளவு நல்ல வேலை செய்திருந்தார். கொண்டுபோகும்போது மூச்சு இருந்தது. மூளையில் இரத்தக் கட்டி. அன்று மாலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். முந்திக் கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று டொக்டர் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆயுதம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை தம்பி. ஓம் எண்டு நான்தான் சொன்னனான்,” என்றார். பொய் சொல்ல முடியுமா அக்கா என்றேன். உங்களுக்குள் சண்டையா, மனம் சரியில்லாமல் இருந்தாரா என்றும் கேட்டார்களாம். அதற்கும் உள்ளதைச் சொன்னாராம். அப்போது ஒரு பொலிஸ்காரர் வந்து, பேஸ்மென்ற் அலுமாரி வெறுமையாக இருக்கிறது, துவக்கு எங்கே என்று கேட்டார். யாரோ களவெடுத்துவிட்டார்கள், இனிப் பொலிஸ்காரர் அதையும் தேடி வருவார்கள் என்று மகள் புலம்பினாள்.

பார்வைக்கு வைத்தது ஞாயிற்றுக்கிழமை. ஊர்ச் சனம் முழுக்க வந்தது. பேத்தி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தாத்தா எப்போது எழும்புவார் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள். சனம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் மான்காரன் வந்தான். வேலை விசயமாக வடக்கே போயிருந்தவனுக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்ததாம். அக்காவுக்கு முன்னால் வந்து நின்றான்.

“அக்கா, பொலிஸ் தேடினதாம் எண்டு சொல்லிச்சினம். துவக்கு என்னட்டைத்தான் கிடக்கு. அண்ணை விழுறதுக்கு முதல் கிழமையே கொண்டுவந்து தந்திட்டார். பேத்தி வரவேணும், இது வேண்டாம் எண்டார். ஆனா யன்னல்ல ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும், இருக்கெண்டே சனம் நினைக்கட்டும், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத எண்டவர்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போனாள். அக்கா கேட்டார்.

“எனக்குமோ சொல்லவேண்டாம் எண்டவர்?”

“இல்லை அக்கா. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தானே காட்டுறன் எண்டவர்.”